கொண்டை ஊசி வளைவும் ஒரு முக்கோணமும்

டிசம்பர் 22 வந்தாலே சேலத்தில் எங்கள் கணிதத் துறை பரபரப்பாகிவிடும். 1887இல் அன்றைக்குத்தான் ராமானுஜன் ஈரோட்டில் பிறந்தார்; சேலத்துக்குப் பக்கத்து ஊர். உரை, பொன்னாடை எல்லாம் முடிந்ததும் ஏற்காடு அடிவாரத்தில் ஓர் அரசுப் பள்ளிக்குப் போவோம். எனக்கு விழாவைவிட இதுதான் முக்கியம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "மலைக்கு ரோடு ஏன் நேரா போகல?" என்று கேட்டேன்.

"பஸ் ஏறாதுங்கண்ணா" என்றான் ஒருவன்.

சரி, ஏன் ஏறாது? ஆளுக்கொரு காகிதம் கொடுத்து மூலைக்கு மூலை வெட்டச் சொன்னோம். செங்கோண முக்கோணம் கிடைத்தது. அதன் குட்டைப் பக்கத்தைப் பென்சிலோடு ஒட்டிப் பிடித்துச் சுற்றினால், சாய்ந்த விளிம்பு பென்சிலைச் சுற்றிச் சுற்றி மேலேறும். அடிப்பக்கம் நீள நீளச் சரிவு குறையும். உயரம் மட்டும் அப்படியே இருக்கும். பிள்ளைகள் விரலை அந்த விளிம்பில் ஓட்டி 'பஸ்' விட ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்புறம்தான் கரும்பலகை. மலைப்பாதை 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதற்குள் ஆயிரம் மீட்டருக்கும் அதிகமாக ஏறுகிறோம். அதாவது 100 மீட்டர் ஓடினால் சுமார் 5 மீட்டர் உயரம். 20 கொண்டை ஊசி வளைவுகளும் பாதையை மடித்து மடித்து அந்த நீளத்தைத் தருகின்றன. மேல் வகுப்பில், உயரத்தை அடிப்பக்கத்தால் வகுத்துச் சரிவைச் சொல்லும் டேன் தீட்டா வரும்போது இந்தப் பிள்ளைகள் மிரளக் கூடாது, அவ்வளவுதான் என் ஆசை.

ஒரு பெண் விடவில்லை: "எங்க ஸ்கூல் முன்னாடி ரோடு எவ்ளோ சரிவுண்ணா?"

அடுத்த முறை கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபும் டேப்பும் எடுத்துப் போகிறோம். அவளே அளக்கட்டும்.