நாராவின் மகா புத்தரும் தெற்கிலிருந்து போன துறவியும்

கியோட்டோவிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்தில் நாரா வந்துவிடுகிறது. 710 முதல் 784 வரை ஜப்பானின் தலைநகராக இருந்த ஊர். நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்ததும் மான்கள் எதிரே வந்தன. கசுகா கோயில் தெய்வம் வெள்ளை மான் மேல் ஏறி இந்த ஊருக்கு வந்ததாக ஐதீகம். அதனால் அவற்றை யாரும் விரட்டுவதில்லை. அம்மாவிடம் சொன்னேன். "அப்போ இது சாமியோட வாகனம்டா" என்று ஒன்றின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நாங்கள் வந்தது தோதாய்ஜி ஆலயத்து மகா புத்தரைத் தரிசிக்க. பல வருடங்களாக என் மனதில் இருந்த ஆசை இது. அதற்குக் காரணம் போதிசேனர். தென்னிந்தியாவிலிருந்து புறப்பட்டு, சீனா போய், அங்கிருந்து 736-இல் ஜப்பானில் கரையிறங்கிய துறவி. 752-இல் இந்தப் புத்தரின் கண்ணைத் திறந்தவர் அவர்தான்.

தெற்கு வாசலிலேயே அம்மா நின்றுவிட்டாள். இரண்டு பக்கமும் எட்டு மீட்டருக்கு மேல் உயரமுள்ள மரக் காவலர்கள். 1203-இல் உன்கேய், கைகேய் என்ற சிற்பிகளும் அவர்கள் கூட்டத்தாரும் 69 நாளில் செய்து முடித்தது. ஒருவர் வாய் திறந்திருக்கிறது, மற்றவர் வாய் மூடியிருக்கிறது. திறந்த வாய் 'அ', மூடிய வாய் 'உம்'. நம் துவாரபாலகர்கள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அம்மா கைகூப்பிவிட்டாள்.

உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. பதினைந்து மீட்டர் உயர வெண்கலத் திருமேனி. வலது கை அபயம், இடது கை வரதம். 'அஞ்சேல்' என்கிற அந்தக் கையை எத்தனை சன்னிதிகளில் பார்த்திருக்கிறோம்! ஊதுபத்திப் புகை வாசலில் இருந்து மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தது. ஜப்பானியர்கள் இவரை பிருஷானா என்கிறார்கள். வைரோசனர் என்ற புத்தர் பெயரின் ஜப்பானிய உச்சரிப்பு அது.

அம்மை நோய் நாட்டையே வாரிக்கொண்டு போன காலத்துக்குப் பிறகு, 743-இல், ஷோமு மன்னர் இந்தச் சிலையைச் செய்ய ஆணையிட்டார். ஒரு புல்லோ ஒரு பிடி மண்ணோ கொண்டுவந்து உதவ விரும்பினால்கூட அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த ஆணையில் இருக்கிறது. மன்னர் தன் பெருமைக்காக மட்டும் கட்டியிருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

கண் திறப்பு நாளில் பத்தாயிரம் துறவிகள் கூடியதாகப் பழைய வரலாற்று நூல் சொல்கிறது. நம் ஸ்தபதிகள் செய்கிற நயனோன்மீலனம் போலத்தான் அந்தச் சடங்கும். ஷோமு உடல்நலம் குன்றியிருந்ததால் போதிசேனர் தூரிகையை ஏந்தி கருவிழியை வரைந்தார். தூரிகையில் நீளமான நீலக் கயிறு கட்டியிருந்தது. கீழே கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், கண் திறக்கிற புண்ணியத்தில் அவர்களுக்கும் பங்கு இருக்கட்டும் என்று. இதைப் படித்த அன்றே இங்கே வர வேண்டும் என்று முடிவு செய்தேன். நம் தேர்வடத்தை நினைத்தேன். எட்டாத தூரத்தில் நிற்பவனும் வடத்தில் ஒரு விரல் வைத்துவிட்டால் தேர் இழுத்தவன்தானே.

அந்தத் தூரிகையும் கயிறும் இன்னும் ஷோசோயின் என்ற கருவூலத்துப் பொருட்களில் இருக்கின்றன. போர்த்தீயில் ஆலயம் எரிந்த பிறகு, 1185-இல் அதே தூரிகையால் மறுபடி கண் திறந்தார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். இன்று நாம் பார்க்கிற முகம் போதிசேனர் பார்த்த முகம் இல்லை. 855 நிலநடுக்கத்தில் தலை விழுந்தது. 1180-லும் 1567-லும் தீ. இப்போதுள்ள தலைக்குக் கண் திறந்தது 1692-இல். கோகேய் என்ற துறவி ஊர் ஊராகப் பிச்சை எடுத்து நிதி திரட்டினார். மண்டபம் 1709-இல் முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஆனால் பீடத்துத் தாமரை இதழ்களில் சில எட்டாம் நூற்றாண்டு இதழ்களே. அவற்றின் முன் நின்று நான் நெடுநேரம் வேண்டிக்கொண்டேன்.

வெளியே வந்தால் வாசலருகே சிவப்புத் துணி போர்த்திய மரச்சிலை. பின்சுரு என்பார்கள். புத்தரின் சீடர் பிண்டோல பாரத்வாஜர். அவர் உடம்பில் எந்த இடத்தைத் தொட்டு நம் உடம்பில் அதே இடத்தைத் தொடுகிறோமோ, அங்கே வலி தீரும் என்று நம்பிக்கை. அம்மா அவர் முழங்காலைத் தொட்டுத் தன் முழங்காலைத் தொட்டாள். அப்புறம் மறுபடி ஒருமுறை. பின்னால் நின்ற ஜப்பானியப் பாட்டியும் முழங்காலுக்குத்தான் காத்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலைகுனிந்தார்கள்.

சாயங்காலம் அதே ஆலயத்தைச் சேர்ந்த நிகாத்சுதோ மண்டபத்துக்கு ஏறினோம். 752-இல் தொடங்கிய நீர் எடுக்கும் விழா ஒரு வருடம்கூடத் தவறாமல் இங்கே நடந்துவருகிறது. படிகளில் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நிதானமாக வந்தாள். மேலே திண்ணையில் விளக்குகள் ஏற்றியிருந்தார்கள். கீழே மகா புத்தர் மண்டபத்தின் கூரை, அதற்கப்பால் ஊர் முழுவதும் இருட்டத் தொடங்கியிருந்தது.

"அந்தக் கயிறு எவ்வளவு நீளம் இருந்திருக்கும்?" என்று கேட்டாள் அம்மா.

கிட்டத்தட்ட 200 மீட்டர் என்றேன். கூரையையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.