ஓரியூர் செம்மண்

ராமநாதபுரம் மாவட்டத்தில் திருவாடானையைத் தாண்டினால் கருவேலங்காடும் கண்மாய்க்கரையும்தான். ஓரியூரும் பெரிய ஊர் இல்லை. ஆனால் அங்குள்ள மணல்மேட்டில் மண் சிவந்து கிடக்கிறது. அருளானந்தர் ரத்தம் சிந்திய இடம் என்று சொல்லி, வருகிறவர்கள் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள், முந்தானையில் முடிந்துகொள்கிறார்கள். நானும் பூசிக்கொண்டேன்.

அருளானந்தர் என்று இங்கே அழைக்கப்படுபவர் லிஸ்பனில் 1647-ல் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, அரண்மனையில் இளவரசருக்குத் தோழனாக வளர்ந்தவர். சேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்து மதுரை மிஷனுக்கு வந்தபின் காவி உடுத்தி, புலால் விட்டு, பண்டாரச் சாமியாக ஊர் ஊராக நடந்தார். 1686-ல் மறவர் சீமை எனப்பட்ட இந்த ராமநாதபுரம் பகுதியில் பிடித்து வதைத்து, இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று விரட்டினார்கள். போர்ச்சுக்கல் போனவரை அங்கேயே தங்கச் சொன்னார்கள், கேட்கவில்லை. 1690-ல் திரும்பி வந்துவிட்டார்.

அவர் உயிர் போனது ஒரு குடும்ப வழக்கில். நோயில் கிடந்த, இந்தச் சீமையின் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் செபத்தால் குணமாகி ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியோடுதான் வாழவேண்டும் என்றார் சாமியார். தேவரும் சம்மதித்து, மூத்தவளை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். அவர்களில் இளையவள் கடலாயி, சீமையை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு உறவுக்காரப் பெண். நேரே அரண்மனைக்குப் போய் அழுதாள். பிரசங்கங்களில் அவளைக் கெட்டவளாகவே காட்டுவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. தள்ளிவைக்கப்பட்ட பெண் வேறு யாரிடம் போய் முறையிடுவாள்?

சேதுபதி சாமியாரைப் பிடித்து ஓரியூரில் இருந்த தன் தம்பியிடம் அனுப்பிவைத்தார். அங்கே 1693 பிப்ரவரி 4 அன்று தலையை வெட்டினார்கள். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் அது. புனிதர் பட்டம் 1947-ல்தான் வந்தது. சுற்றுவட்டாரத்து மக்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

இப்போது அதே சீமையின் சனங்கள்தான் இங்கே வந்து மொட்டை போடுகிறார்கள், கிடா வெட்டிப் பொங்கி எல்லோருக்கும் சோறு போடுகிறார்கள். பாதிப்பேர் கிறிஸ்தவர்கள் இல்லை. திருநீறு பூசிய ஒரு அப்பத்தா பேரனுக்கு மொட்டை போட வந்திருந்தார். "எங்க வீட்டுச் சாமிதான்யா இவரு" என்றார். புலால் தொடாத சாமியாருக்குக் கிடா விருந்தா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள், சரி என்று உட்கார்ந்துவிட்டேன்.

நிதானமாகச் செபிக்க நினைப்பவர்கள் கூட்டம் கூடும் புதன்கிழமையையும் பிப்ரவரித் திருவிழாவையும் விட்டுவிட்டு வேறு நாளில் போகலாம். தண்ணீர் கொண்டுபோங்கள், மேட்டில் நிழல் குறைவு.