பட்டர்வொர்த் வீட்டைக் காலி செய்தோம்: லோரி கிடைத்தது, லிப்ட் கிடைக்கவில்லை

அம்மா பட்டர்வொர்த் தரை வீட்டைக் காலி செய்துவிட்டுப் பினாங்குத் தீவுக்கு வந்துவிட்டார். கெளுகோரில் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அடுக்குமாடி வாடகை வீடு. மின்சாரக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் சத்தமில்லாமல் மாறின. (சாவி ஒப்படைக்கும் நாளில் மீட்டரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.) எங்களைப் படுத்தியது புது வீட்டின் நிர்வாக அலுவலகம்.

வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியாயிற்று, சாவியும் கையில். இதற்குமேல் என்ன கேட்கப்போகிறார்கள்? கவுண்டரில் இருந்த கிராணிப் பெண் தலையை நிமிர்த்தாமலே, "அக்கா, ஓனர் லெட்டர் எங்க?" என்றார். சாமான் ஏற்ற லிப்ட் வேண்டுமானால் வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம், அவருடைய அடையாளக் கார்டு நகல், லோரி எண், 200 ரிங்கிட் முன்பணம் எல்லாம் வேண்டுமாம். ஒப்பந்தத்திலேயே அவர் கையெழுத்து இருக்கிறதே என்றேன். "அது வேற, இது வேற."

உரிமையாளர் இருப்பது ஜொகூரில். நல்ல மனுஷர், உடனே எழுதிக் கையெழுத்துப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஆனால் போனில் காட்டினால் செல்லாது, தாளில் வேண்டும். பக்கத்திலேயே பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அது "ஆபீஸ் யூஸ்". கீழே கடைக்குப் போய் அச்செடுத்து வருவதற்குள் மணி ஒன்று தாண்டிவிட்டது. சனிக்கிழமை அரை நாள். கண்ணாடிக்கு உள்ளே அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த தாளைப் பார்த்தும் திங்கள் வரச் சொல்லிக் கை காட்டினார். லோரிக்கு ஞாயிறு என்று சொல்லியிருந்தோம். ஞாயிறு சாமான் ஏற்றவே அனுமதியில்லை என்பதை வாசல் காவலுக்கு இருந்த ஜாகாதான் சொன்னார். முதல் நாளே அதைச் சொல்ல அந்த அலுவலகத்தில் யாருக்கும் வாய் வரவில்லை.

ஒப்பந்தம் போடும் அன்றைக்கே உரிமையாளரிடம் அந்தக் கடிதத்தையும் வாங்கிவிடுங்கள். எந்தெந்த நாள், எத்தனை மணி வரை சாமான் ஏற்றலாம் என்று கேட்டுவிட்டு அப்புறம் லோரிக்குச் சொல்லுங்கள். முன்பண ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அது இல்லாவிட்டால் பணம் திரும்பாது.

லோரிக்காரர் வியாழனுக்கு மாற்றிக்கொடுத்தார், ஆனால் கணக்கில் பாலத்து டோலைப் போக, வர என்று இரண்டு தடவை போட்டிருந்தார். "அண்ணே, தீவுக்குப் போறப்ப மட்டும்தானே டோல்? திரும்பி வர்றப்ப எந்தச் சாவடியில கட்டுவீங்க?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒன்றை அடித்துவிட்டார். அம்மாவுக்கோ, லோரி ஏன் ஃபெரியில் போகக்கூடாது என்று கவலை. கார், லோரி ஏற்றும் ஃபெரி 2021 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. இப்போதைய படகுகளில் ஆட்களும் இரண்டு சக்கர வண்டிகளும்தான். "அதுல போனா காத்தாவது வரும்" என்று அன்று முழுக்க முணுமுணுத்தார்.

தள்ளிப்போன நாட்களில் ஒரு நன்மை. பழைய வீட்டை அவசரமில்லாமல் சுத்தம் செய்ய முடிந்தது. சந்தோஷம் என்று சொல்வதென்றால் அந்த நாட்களைத்தான் சொல்வேன். வாழைப்பழப் பெட்டிகளைப் பழக்கடையில் சும்மாவே கொடுத்தார்கள். கைபிடிக்க ஓட்டை இருப்பதால் தூக்கச் சுலபம். பீங்கான், கண்ணாடி எல்லாம் பழைய சேலையிலும் கைலியிலும் சுற்றினோம். பபிள் ராப் ஒரு முழம்கூட வாங்கவில்லை. என்ன, "இது உன் சடங்குக்குக் கட்டினது" என்று ஒவ்வொரு சேலைக்கும் அம்மா ஒரு கதை சொன்னதால் வேலை மெதுவாக நகர்ந்தது.

அண்ணி ஒரு கையில் ப்ளீச், இன்னொரு கையில் வினிகரோடு குளியலறைக்குள் போனார். ஓடிப்போய் நிறுத்தினேன். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னலில்லாத குளியலறையில் ஆபத்து. ஆப்ப சோடாவையும் வினிகரையும் கலந்து ஊற்றுவதும் வீண். பொங்குவதைப் பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் ஒன்றையொன்று முறித்துவிடும். தனித்தனியாகத்தான் அவை வேலை செய்யும். அடுப்படிச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்குக்கு ஆப்ப சோடாவைக் குழைத்துப் பூசி, ஊறவிட்டு, வெந்நீரில் துடைத்தோம். குழாயில் படிந்த வெள்ளைக் கறைக்கு வினிகர். பித்தளைக் குத்துவிளக்குக்கு அம்மாவின் புளியும் உப்பும். அலுமினியக் குண்டானில் சோடாவைப் போடாதீர்கள், கறுத்துவிடும். பழைய வீடுகளில் இருக்கும் சலவைக்கல் துகள் பதித்த தரையில் வினிகர் படக்கூடாது, மினுமினுப்பு போய்விடும்.

தரைக்குப் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி கொடுத்த என்சைம் இருந்தது, பழத்தோலைப் புளிக்கவைத்து எடுக்கும் தண்ணீர். தாய்லாந்திலிருந்து வந்த முறை. பினாங்கில் இதைப் பரப்பியவர் டாக்டர் ஜோயன் ஊன். நாட்டுச் சர்க்கரை 1 பங்கு, பழத்தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு, 3 மாதம் புளிக்கவிட வேண்டும். பிளாஸ்டிக் போத்தல்தான் நல்லது. முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விடாவிட்டால் வெடித்துத் தொலைக்கும். வீடு மாறுவதென்று முடிவெடுத்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது, வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். இதைச் சர்வரோக நிவாரணி போலப் பேசுபவர்கள் உண்டு. எனக்கு இது நல்ல தரை துடைக்கும் தண்ணீர். இதுவும் புளிப்புதான், ப்ளீச்சோடு சேர்க்காதீர்கள். அதனால் சலவைக்கல் துகள் தரையில் நிறையத் தண்ணீர் கலந்துதான் துடைத்தோம்.

எல்லாவற்றிலும் பெரிய தலைவலி சாமி மேடைச் சுவர். பல வருஷத்து விளக்குக் கரி. ஈரத்துணி வைத்தால் கரி இன்னும் பரவும் என்பதால் அதைத் தொடவில்லை. கொஞ்சம் கெட்டியாகச் சப்பாத்தி மாவு பிசைந்து, உருண்டையைச் சுவரில் ஒற்றி ஒற்றி எடுத்தோம். தேய்க்கக்கூடாது. மாவு கறுக்கக் கறுக்க உள்ளே மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அண்ணன் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது, எங்களுக்குத் தருவதாகவே இல்லை. எண்ணெய் ஏறியிருந்த கீழ்ப்பகுதிக்கு மட்டும் அப்புறம் சோடா தேவைப்பட்டது.

மரச் சாமான்களை ஓர் அறநிறுவனம் வந்து எடுத்துப்போனது. கறை பட்ட மெத்தையை மட்டும் வாங்கவில்லை. அதை அப்புறப்படுத்த லோரிக்காரருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. டோலில் மிச்சம் பிடித்தது அதில் போயிற்று.

சாவி வாங்க வந்த பழைய வீட்டுக்காரர் சாமி மேடைச் சுவரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, என்ன சாயம் அடித்தீர்கள் என்று கேட்டார். மாவு என்றால் நம்பவில்லை. முன்பணத்தை அன்று மாலையே வங்கியில் போட்டுவிட்டார், உடைந்த ஜன்னல் கண்ணாடிக்கு 30 ரிங்கிட் பிடித்துக்கொண்டு. அம்மா குடிவந்தபோதே உடைந்திருந்த கண்ணாடி அது, ஆனால் காட்ட ஒரு போட்டோ இல்லை. புது வீட்டில் சாமான் இறக்குவதற்கு முன்பே அண்ணன் ஒவ்வொரு ஜன்னலையும் சுவரையும் வீடியோ எடுத்து ஜொகூருக்கு அனுப்பிவிட்டார்.