எரிந்துபோன பிட்வெல் மாளிகை

அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவிலிருந்து வடக்கே 99-ஆம் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டினால் சிக்கோ. வழியெல்லாம் பாதாம் தோப்புகள். ஊருக்குள் பல்கலைக்கழகத்தை ஒட்டி நிற்கிறது பிட்வெல் மாளிகை. நின்றது என்றுதான் சொல்லவேண்டும். பழுதுபார்ப்பதற்காக மூடி வைத்திருந்த நேரத்தில், 2024 டிசம்பர் 11 அதிகாலையில், அது தீயில் எரிந்துபோனது. தீ வைத்ததாக ஒருவரைக் கைது செய்தார்கள்.

நாங்கள் போனது அதற்குப் பிந்தைய குளிர்காலத்தில். வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. கூரை இல்லை. செங்கல் சுவர்கள் நின்றன. அவற்றின் மேல் பூசியிருந்த இளஞ்சிவப்புச் சாந்து பல இடங்களில் நிறம்கூட மாறவில்லை. ஜன்னல் வளைவுகளுக்கு மேலே மட்டும் கரி அப்பியிருந்தது. மனசு ரொம்பக் கனத்துப்போனது.

இந்த ஊரை உண்டாக்கியவர் ஜான் பிட்வெல். 1841-ல், இருபத்தொரு வயதில், மாட்டு வண்டிகளில் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பிய முதல் குடியேற்றக் கூட்டங்களில் ஒன்றோடு வந்தார். வண்டிகளை நடுவழியிலேயே விட்டுவிட்டு, சியரா மலையை நடந்தே தாண்டினார்கள். 1848-ல் ஃபெதர் ஆற்றில் அவருக்குத் தங்கம் கிடைத்தது. (அந்த இடம் இப்போது ஓரோவில் அணையின் தண்ணீருக்கு அடியில்.) தங்கத்தில் வந்த பணத்தை 20,000 ஏக்கருக்கு மேல் நிலமாக மாற்றினார். 1860-ல் அந்த நிலத்தில் தெரு பிரித்து ஊர் அமைத்தார்.

மாளிகை வேலை தொடங்கியது 1865-ல். ஹென்றி கிளீவ்லேண்ட் என்ற கட்டடக் கலைஞர் இத்தாலியப் பாணியில் வரைந்து கொடுத்தார். மூன்று மாடி, 26 அறைகள், கோபுரம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், உள்ளேயே குழாய்த் தண்ணீர், எரிவாயு விளக்கு. செலவு சுமார் 60,000 டாலர். கட்டத் தொடங்கியபோது பிட்வெல் கல்யாணமாகாதவர்! நாடாளுமன்ற உறுப்பினராக வாஷிங்டன் போன இடத்தில் ஆன்னி கென்னடியைச் சந்தித்தார், 1868-ல் திருமணம். ஆன்னி மதுவிலக்கிலும் பெண்கள் வாக்குரிமையிலும் உறுதியானவர். பிட்வெல்லும் குடிக்கு எதிரானவராகி, ஒயினுக்கென்று வளர்த்த திராட்சைக் கொடிகளைப் பிடுங்கிப் போட்டார். 1892-ல் மதுவிலக்குக் கட்சி சார்பில் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நின்று 2,70,000 வாக்குகள் வரை வாங்கினார்.

இந்த வீட்டு விருந்தாளிகள் பட்டியல்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜனாதிபதி ஹேய்ஸ், பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் பி. ஆன்டனி, அப்புறம் 1877-ல் இயற்கையியலாளர் ஜான் மியூர், தாவரவியலாளர்கள் ஏசா கிரே, ஜோசப் ஹூக்கர் மூவரும். ஹூக்கர் இந்தியத் தாவரங்களைத் தொகுத்து எழுதிய அதே ஆள், லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர். எல்லோரும் சேர்ந்து சாஸ்தா மலைப் பக்கம் செடி தேடிப் போனார்கள். திரும்பியதும் பிட்வெல்லின் தச்சர் மியூருக்கு ஒரு சிறு படகு செய்து கொடுக்க, அவர் அதில் ஏறி சாக்ரமெண்டோ ஆற்றோடு போய்விட்டார்.

இதோடு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பிட்வெல் வருவதற்கு முன்பே இங்கே மெச்சூப்டா பழங்குடியினர் வாழ்ந்தார்கள். பண்ணையில் உழைத்ததும் அவர்கள்தான். ஆன்னி அவர்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார், பிரசங்கம் செய்தார்; ஆனால் மாளிகைக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் குடியிருப்பு தள்ளி மாற்றப்பட்டதும் இந்தத் தம்பதியின் காலத்தில்தான். அந்த மக்களை ஒரு பழங்குடியாக மத்திய அரசு மறுபடி அங்கீகரித்தது 1992-ல். ஊரை நிறுவியவர் கதையைச் சொல்லும்போது இதை அடிக்குறிப்பாக ஒதுக்குவது நியாயமில்லை. சுவர்களை மீட்டுக் கட்டினால், முன்வாசலிலேயே இது எழுதப்பட வேண்டும் என்பது என் ஆசை.

தம்பதிக்குப் பிள்ளைகள் இல்லை. 1887-ல் தங்கள் செர்ரித் தோப்பிலிருந்து 8 ஏக்கரை ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். இன்றைய பல்கலைக்கழகம் அதிலிருந்து வளர்ந்ததுதான். 1900-ல் பிட்வெல் காலமானார், 1918-ல் ஆன்னி. பிறகு வீடு சர்ச்சுக்குப் போய், கல்லூரி விடுதியாகி, கடைசியில் மாநில அரசின் வரலாற்றுப் பூங்காவாக ஆனது.

சிக்கோ போகிறவர்கள் மாளிகையோடு திரும்பிவிடாதீர்கள். கொஞ்ச தூரத்தில் பிட்வெல் பூங்கா இருக்கிறது. 1905-ல் தொடங்கி ஆன்னி ஊருக்கு எழுதிக்கொடுத்த 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். உள்ளே மது கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை வைத்தார். நடுவே ஓடை. வெயில் காலத்தில் அந்த ஓடையைத் தடுத்து நீச்சல் குளமாக விடுவார்கள், கட்டணம் கிடையாது. குழந்தைகளோடு போனால் மாற்றுத்துணி எடுத்துக்கொள்ளுங்கள்.