தூக்க வேணாம் சித்தப்பா

மே 18

சித்தப்பா பத்திரிகை வைக்க வந்தாக. தங்கச்சி கல்யாணம், ஜூன் 1, பெரிய வீட்டுலயே. காப்பியக் குடிச்சுக்கிட்டே "நீ ஒண்ணும் யோசிக்காத, நாலு பயலுகள நிப்பாட்டி வச்சிருக்கேன், அலாக்கா தூக்கி உள்ள வச்சிருவானுக"ன்னாக. பாசத்துல சொல்றதுதான். எனக்கு வயசு 43, ரெண்டு வயசுல போலியோ, வெளிய கிளம்புனா வீல்சேர். கல்யாணம் காதுகுத்துன்னா ஒருத்தன் கை கக்கத்துல ஒருத்தன் கை தொடைக்கடியில, சேலை எங்க ஏறுது எங்க விலகுதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும், சுத்தி நிக்கிறவுக எல்லாம் "பாத்து பாத்து"ம்பாக. பட்டுச்சேலை கட்டியே பல வருஷமாச்சு.

"தூக்க வேணாம் சித்தப்பா, நானே வர்றேன்"னேன். எப்படின்னு கேட்டாக. தெரியலன்னேன்.

மே 20

கல்யாணப்பொண்ணுக்கிட்டயே இன்ச் டேப்ப எடுக்கச் சொல்லி வீடியோ கால்ல அளந்தோம். முன்வாசல்ல அஞ்சு படி, ஒண்ணு ஒண்ணும் 7 இன்ச், ஆக 35. ராம்ப்புக்கு கணக்கு 1க்கு 12, அதாவது ஒரு இன்ச் ஏற 12 இன்ச் ஓடணும். 35 இன்ச்சுக்கு 35 அடி! எதிர்த்த வீட்டு திண்ணைக்குள்ள போயி நிக்கும். காவிரிப்பூம்பட்டினத்த கடல் கொண்டதுனால பயந்துபோயி நம்ம செட்டிநாட்டு ஆளுக வீட்ட ஒசத்தி ஒசத்தி கட்டுனாகன்னு அப்பத்தா சொல்லும். தண்ணி வரல, நானும் போக முடியல.

அப்பறம் அவளே சொன்னா, "ஆச்சி, பின்வாசல்ல ஒரே படிதான்"னு. அக்காவ எங்க பக்கம் ஆச்சின்னுதான் கூப்புடுவோம். நம்ம வீடுகதான் இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுமே. அளந்தா 4 இன்ச். நாலடி பலகை போதும்.

சந்தோசமாத்தான் இருந்துச்சு, ராத்திரி படுத்தப்பறம் உறுத்துச்சு. எல்லாரும் மாவிலைத் தோரணத்துக்கு அடியில சந்தனம் குங்குமம் எடுத்துக்கிட்டு உள்ள போவாக, நான் மட்டும் அண்டா குண்டான் போற வழியா. ஆனா தூக்கிட்டுப் போறதுக்கு இது தேவலன்னு ஒரு முடிவுக்கு வந்தேன்.

மே 24

நேர்ல போயி பாத்தாச்சு. பின்வாசல்ல இருந்து வளவுக்கு, அதான் கல்யாணம் நடக்குற நடு முத்தத்துக்கு, போக நடுவுல மூணு நிலை, மூணுலயும் மூணு இன்ச் ஒசரத்துக்கு நிலைப்படி. வீல்சேர்ல முன்னாடி இருக்கிற சின்னச் சக்கரம் இருக்கே, அது ஒரு இன்ச் மேட்டுக்கே முட்டி நின்னுரும், நம்ம மட்டும் முன்னால போயிருவோம். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிவா ரெண்டு பலகை வச்சா ஏறி இறங்கிரலாம்னு கொத்தனார் சொன்னாரு, சென்ட்ரிங் பலகை அவருகிட்டயே கெடந்துச்சு. சிமெண்ட் போட்டா நல்லதுதான், ஆனா பங்காளி வீடு, ஒரு ஆணி அடிக்கணும்னாலும் பதினோரு புள்ளியும், அதான் பங்குள்ள பதினோரு குடும்பமும், சரிங்கணும், அதுல ரெண்டு புள்ளி மலேசியாவுல.

அப்பத்தா ஆரம்பிச்சுச்சு. நிலைப்படிய மிதிக்கக்கூடாது, மஞ்சக்குங்குமம் வச்ச எடம், அதுமேல சக்கரம் ஏறுறதான்னு. யாரும் வாயத் தொறக்கல. சித்திதான் அடுப்படிக்குள்ள இருந்தே, "சக்கரம் எங்க நிலைய மிதிக்கிது, பலகையத்தான மிதிக்கிது"ன்னாக. அப்பத்தா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, அப்பச் சரின்னுருச்சு.

பாத்ரூம்தான் பெரிய கதை. விசேஷ வீட்டுக்குப் போறதுன்னா நான் முந்துன நாள் சாயங்காலத்துல இருந்தே தண்ணி குடிக்கிறதில்ல, இத யார்கிட்டயும் சொன்னதும் இல்ல, இப்ப இங்க எழுதுறேன். பின்கட்டுல வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கு, ஆனா கதவத் தொறந்தா வழி 24 இன்ச், என் வண்டி 25. விதிப்படி 900 மில்லிமீட்டர் வேணும், 35 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல. ஆசாரி பாத்துட்டு கீலக் கழட்டி கதவையே எடுத்துட்டாரு. ஒன்றரை இன்ச் கெடச்சுது. கெட்டியா ஒரு திரை போட்டுக்கலாம்னாக.

மே 30

மாப்பிள்ளை வீட்டு ரிசப்ஷன் நாளன்னைக்கு சாயங்காலம் மண்டபத்துலயாம், நான் போகல. போன வருஷம் அங்க போயி பட்டிருக்கேன். ராம்ப் இருக்கு, செங்குத்தா, அது மேல வரிசையா பூந்தொட்டி. வீட்டுக்குன்னா சட்டம் வராது, சரி. மண்டபம் பொதுக் கட்டடம், தனியார் கட்டுனதா இருந்தாலும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல அது வரும். ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டடத்த மாத்த அஞ்சு வருஷம் குடுத்தாக, 2017ல விதி வந்துச்சு, கணக்குப் பாத்தா 2022லயே கெடு முடிஞ்சுபோச்சு. சுப்ரீம் கோர்ட்டும் 2024 நவம்பர்ல, இந்த அளவெல்லாம் ஏதோ யோசனை மாதிரி இருந்தா பத்தாது, கட்டாயமாக்கி விதி எழுதுங்கன்னு சொல்லிருச்சு. பூந்தொட்டிக்கு இதெல்லாம் தெரியாது.

ஜூன் 1

விடிய நாலரைக்கெல்லாம் போயாச்சு. மாம்பழக் கலர் பட்டு! பின்வாசல் பலகையில சமையல்காரவுக கேஸ் சிலிண்டர உருட்டிக்கிட்டு இருக்காக, அதுக்குப் பின்னாடி சாம்பார் அண்டா, அதுக்கும் பின்னாடி எலக்கட்டு. எனக்குப் போட்ட வழியில நானே கியூவுல பத்து நிமிஷம் நின்னேன். "ஆச்சி, இந்தப் பலகை ரொம்ப சவுரியமா இருக்கு, நீங்க கொஞ்சம் ஒதுங்கிக்கங்க"ங்கிறான் ஒருத்தன்.

ரெண்டு நிலை சுளுவா தாண்டியாச்சு. மூணாவதுல பலகையக் காணோம். பூக்காரர் எடுத்து அதுமேல மாலையெல்லாம் அடுக்கி வச்சிருக்காரு. நாதஸ்வரம் கேக்குது, வளவு தெரியுது, மூணு இன்ச்தான். அந்த நாலு பயலுகளும் எங்க இருந்துதான் வந்தானுகளோ, சட்டக் கைய மடிச்சுக்கிட்டு. "தொடாதீகடா"ன்னு கத்திட்டேன், கல்யாண வீட்டுல கத்தக்கூடாதுதான். அவனுகளே ஓடிப்போயி மாலைய எறக்கி வச்சுட்டு பலகையத் தூக்கிட்டு வந்தானுக. ஆத்தங்குடித் தரைக்கல்லுல எண்ணெ தடவுன மாதிரி வண்டி ஓடுச்சு. திருப்பூட்டுறப்ப, அதான் தாலி கட்டுறப்ப, அவளுக்கு ஆறடி தள்ளித்தான் இருந்தேன், நிமிந்து பாத்துச் சிரிச்சா.

மொதப் பந்தியில ஒக்காந்தேன். கும்மாயம் இனிப்பு ரெண்டு தடவ. தண்ணி மூணு டம்ளர், அப்பறம் மோர்.

ஜூன் 3

சித்தப்பா போன். கொத்தனார் பலகைய கேக்குறாராம், குடுத்துரவான்னு. வாற மாசம் அப்பத்தாவுக்குப் பொறந்தநாள்ன்னேன். அந்தப் பக்கம் சத்தத்தையே காணோம். அப்பறம், "அப்பக் கதவு?"ன்னாக.

அதுவும் கெடக்கட்டும்ன்னேன்.