கண்மாய் கிரிக்கெட்

மேலூர்ப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றினால் அதுதான் எங்கள் மைதானம். பிட்ச்சுக்கு 22 கஜத்தை யாராவது காலடி வைத்து அளந்தால் சரி. டென்னிஸ் பந்து சீமைக்கருவேலத்துக்குள் போனால் ஃபீல்டிங் அணி மொத்தமும் முள்ளுக்குள் இறங்கும். பேட்ஸ்மேன் ஓடிக்கொண்டே இருப்பான். ஆட்டு மந்தை குறுக்கே வந்தால் ஆட்டம் நிற்கும். மேய்க்கிற பெரியப்பா பந்தை வாங்கி ஒன்று போடுவார், நடு ஸ்டம்ப் பறக்கும்! அவுட்டா இல்லையா என்று அரைமணி நேரம் சண்டை. எனக்கு அந்தச் சண்டையும் பிடிக்கும்.

இதை வெட்டி வேலை என்று சொல்லாதீர்கள். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர்தான். 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக ஆடினார்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கு மாப்ளைகளா. பந்துக்குக் காசு கொண்டுவாங்க.