தம்பி பட்ட கடனும் எங்கள் வீட்டு வாசலும்

கோலாலம்பூர் செந்தூலில் அம்மா இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குக் கடன் வசூலிக்க ஆள் வரத் தொடங்கியபோது, கடன் வாங்கிய என் தம்பி அங்கே இல்லை. கல்யாணங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் கேட்டரிங் தொழில் செய்துகொண்டிருந்தான். தொழில் படுத்ததும் கடன் அட்டை, தனிநபர் கடன், கார் தவணை என்று எல்லாம் நின்றுபோனது. கடைசியில் ஆலோங்கிடமும், அதாவது உரிமமில்லாமல் வட்டிக்கு விடுபவரிடமும், வாங்கிவிட்டு, போனை அணைத்துவிட்டு ஜொகூர் பக்கம் போய்விட்டான். அவனுடைய ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருந்தது அம்மாவின் முகவரி. அதனால் அவனைத் தேடியவர்கள் எல்லாரும் தட்டியது அம்மாவின் கதவைத்தான்.

அந்த நெருக்கடியிலிருந்து அம்மாவையும், தம்பி மனைவியையும், அவர்கள் பிள்ளையையும், மாமாவையும் எப்படிக் காப்பாற்றினோம் என்று எழுதுகிறேன். நம் குடும்பங்களில் பலர் இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, கழுத்தில் கிடக்கும் நகையைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். அது தேவையே இல்லை.

மலேசியச் சட்டப்படி கடன் அதை வாங்கியவருடையது. பெற்றவர், மனைவி, அக்கா என்ற உறவுக்காக யாரும் அதைக் கட்டக் கடமைப்பட்டவர் ஆகமாட்டார். கூட்டாகக் கடன் வாங்கியிருந்தாலோ, ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாலோதான் பொறுப்பு வரும். கடன் வாங்கியவர் இறந்துபோனாலும் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் கேட்கலாம், பிள்ளைகளின் சம்பளத்திலிருந்து கேட்க முடியாது. ஆகவே எல்லாரையும் உட்காரவைத்து முதலில் கேட்ட கேள்வி இதுதான்: யார், எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்கள்?

அம்மா எதிலும் போடவில்லை என்றார். ஆனாலும் அவருக்குள் ஒரு பயம். மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கு, ஒருவர் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் இ-சிசிஆர்ஐஎஸ் தளம் உண்டு. அதில் அவர் பெயரில் பதிந்து அறிக்கையை எடுத்தோம். இலவசம்தான். அவர் பெயரில் வங்கிக் கடன் எதுவும் இல்லை என்று அதில் இருந்தது. வங்கிக்கும் ஒரு கடிதம் எழுதினேன்: அம்மா ஜாமீன் நின்றதாகச் சொன்னால், அந்த ஒப்பந்தத்தின் நகலைக் காட்டுங்கள். எந்த நகலும் வரவில்லை. தம்பி மனைவிக்கும் அப்படியே. மாமா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, காருக்கு ஜாமீன் போட்டது உண்மை என்றார். அவர் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

வங்கிக்காக ஒரு வசூல் நிறுவனம் போன் செய்துகொண்டிருந்தது. பேசியவர் தமிழர்தான். "அம்மா, உங்க பையன் பேரு கெட்டுப் போகுது. நல்லெண்ணத்துக்கு ஒரு இருநூறு வெள்ளி மட்டும் போடுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்பார் (வெள்ளி என்பது மலேசிய ரிங்கிட்). மரியாதையாகத்தான் பேசுவார். அம்மாவை உலுக்கியதும் அந்த மரியாதைதான். "நான் பெத்தவதானே, நான் கட்டாம வேற யாரு கட்டுவா?" என்று அடகுக்கடைக்குக் கிளம்பவே தயாராகிவிட்டார். ஒரு முறை கொடுத்தால் இந்த வீட்டில் பணம் கிடைக்கும் என்று குறித்துக்கொள்வார்கள், அடுத்த மாதமும் உன்னிடம்தான் வருவார்கள் என்று பல தடவை சொல்லித்தான் அவரை நிறுத்தினேன்.

அப்புறம் அதே ஆட்கள் பக்கத்து வீட்டுக்காரரிடமும், நான் வேலை செய்யும் அலுவலக வரவேற்பறையிலும் தம்பியின் கடன் தொகையைச் சொன்னார்கள். அதுதான் அவர்கள் வரம்பு மீறிய இடம். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் 133ஆவது பிரிவு, வங்கி வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை வெளியாரிடம் சொல்வதைத் தடை செய்கிறது. வங்கி தன் சார்பில் அனுப்பும் ஆட்களுக்கு வங்கியே பதில் சொல்ல வேண்டும். மளிகைக் கடையில் கடன் எழுதும் சின்ன 555 நோட்டுப் புத்தகம் ஒன்றை அம்மாவின் போன் பக்கத்தில் வைத்தேன். தேதி, நேரம், எந்த நம்பர், பேசியவர் பெயர், என்ன சொன்னார்: ஒவ்வொரு அழைப்புக்கும் இவ்வளவையும் எழுத வேண்டும். அம்மாவின் கையெழுத்தில் அந்தப் பக்கங்கள் நிரம்பின. சில இடங்களில் "சத்தம் போட்டான்", "டிவியைத் தூக்குவேன் என்றான்" என்று அப்படியே எழுதியிருந்தார். அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து, வங்கியின் புகார் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். எங்களில் யாரும் கடனாளியோ ஜாமீன்தாரரோ இல்லை, தம்பி இங்கே வசிக்கவில்லை, இனி எங்களைத் தொடர்புகொள்ள வேண்டாம் என்று கேட்டிருந்தேன். பதில் திருப்தியாக இல்லை என்றால் பேங்க் நெகாராவின் பிஎன்எம் டெலிலிங்க் சேவைக்கு, 1-300-88-5465 என்ற எண்ணில், போகப்போவதாகவும் எழுதினேன். அதற்கு அவசியம் வரவில்லை. வங்கி மன்னிப்புக் கேட்டுக் கடிதம் அனுப்பியது, போனும் நின்றது.

டிவியைத் தூக்குவேன் என்ற மிரட்டலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வசூல் நிறுவன ஆளுக்கு வீட்டுக்குள் நுழையவே உரிமை கிடையாது. வங்கி வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அப்புறம் பறிமுதல் ஆணை பெற்றால் நீதிமன்ற அமலாக்க அதிகாரியான பைலிஃப்தான் வருவார். அவரும் கடனாளியின் பொருளைத்தான் எடுக்கலாம். மற்றவர் பொருளை எடுத்துவிட்டால் அதை எதிர்த்து நீதிமன்றத்தில் உரிமை கோரலாம். அதனால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ரசீதுகளைத் தேடி எடுத்தோம். எல்லாம் அம்மா பெயரிலும் என் பெயரிலும் இருந்தன. ஒரு உறையில் போட்டு வைத்தோம்.

ஆலோங் விஷயம் முற்றிலும் வேறு. அங்கே புகார் பிரிவும் கிடையாது, கடிதத்துக்குப் பதிலும் வராது. தம்பி மூவாயிரம் வெள்ளி கேட்டிருக்கிறான். முன்பணம் என்று பிடித்துக்கொண்டு கையில் கொடுத்தது 2,400. வாராவாரம் வட்டி. உரிமம் பெற்ற வட்டிக்கடை அடமானமில்லாத கடனுக்கு வருடத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது, அடமானம் இருந்தால் 12 விழுக்காடுதான். உரிமம் கொடுப்பது வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு. அந்த ஆளின் நம்பரோடு வந்த கம்பெனி பெயர் அமைச்சின் பட்டியலில் இல்லை. உரிமமில்லாதவர் கொடுத்த கடனை நீதிமன்றத்தில் வசூலிக்க முடியாது. 1951ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டத்தின் 5(2) பிரிவில் அப்படிக் கடன் கொடுப்பவருக்கு இரண்டரை லட்சம் வெள்ளியிலிருந்து பத்து லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்குக் குரல் வந்தது.

ஒரு காலையில் கதவின் கிரில்லுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். சுவரில் சிவப்புப் பெயிண்ட், அதில் பாதி எதிர்வீட்டு ஆன்ட்டியின் கதவிலும் தெறித்திருந்தது. லிஃப்டில் தம்பியின் ஐசிப் படம் ஒட்டியிருந்தது. அம்மா வாளியோடு துடைக்கப் போனார். நான் கையைப் பிடித்து நிறுத்தி, முதலில் எல்லாவற்றையும் படம் எடுத்தேன். சங்கிலியையும் தூக்கிப் போடாமல் ஒரு பையில் வைத்தோம். கட்டட நிர்வாகத்திடம் சிசிடிவி பதிவு கேட்டோம். அதைச் சீக்கிரம் கேட்க வேண்டும், பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

போலீஸ் நிலையத்தில் முதலில் இருந்தவர், கடன் வாங்கியவர் வந்து ரிப்போர்ட் கொடுக்கட்டும் என்றார். வாசலும் மிரட்டலும் எங்களுடையது, நாங்கள்தான் கொடுக்க வேண்டும் என்று அமைதியாகச் சொன்னேன். குற்றவியல் சட்டத்தின் 427ஆவது பிரிவு சொத்துச் சேதத்துக்கு, 506ஆவது பிரிவு மிரட்டலுக்கு. இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு போயிருந்தது உதவியாக இருந்தது. எதிர்வீட்டு ஆன்ட்டியும் தன் கதவுக்காகத் தனியாக ரிப்போர்ட் போட்டார். கடனோடு சம்பந்தமே இல்லாத ஒருவர் புகார் கொடுத்தது விஷயத்தின் கனத்தைக் கூட்டியது. அந்தச் சீன ஆன்ட்டிக்கு எங்கள் குடும்பம் நிறையக் கடமைப்பட்டிருக்கிறது. அவர் கோபித்துக்கொண்டிருந்தால்கூட நியாயம்தான், ஆனால் அம்மாவுக்குத் துணையாகப் பல மாலைகள் வந்து உட்கார்ந்திருந்தார்.

ஆலோங்குக்கு ஒரே ஒரு செய்திதான் அனுப்பினேன், மலாயில்: இவர் இங்கே இல்லை, நாங்கள் கடனாளியோ ஜாமீன்தாரரோ அல்ல, போலீஸ் ரிப்போர்ட் எண் இது. அதற்கப்புறம் எத்தனை திட்டு வந்தாலும் பதில் போடவில்லை, பேரம் பேசவில்லை. வந்ததை எல்லாம் சேமித்துவைத்து விசாரணை அதிகாரியிடம் கொடுத்தேன். உடனே அடங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதிய நம்பரில் மீண்டும் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் பழைய எண்ணைக் குறிப்பிட்டுப் புதிய ரிப்போர்ட் கொடுத்தோம்.

அதே நேரத்தில் பிள்ளையின் பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியரிடம் சொன்னோம். தாயும் நானும் தவிர வேறு யார் அழைக்க வந்தாலும் அனுப்பக்கூடாது என்று எழுதிக் கொடுத்தோம். என் அலுவலகத்திலும் மேலாளரிடம் நானே முன்கூட்டிச் சொல்லிவிட்டேன். பிறர் வாயால் தெரியவருவதைவிட அதுவே மேல். பேஸ்புக்கில் குடும்பப் படங்களை எல்லாம் மறைத்தோம்.

இப்போது மாமா. "உங்களைத் திவால் ஆக்கிடுவோம்" என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திவால் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, லாபம் எதிர்பாராமல் படிப்புக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ, சொந்த உபயோகக் காருக்கோ ஜாமீன் நின்ற சமூக ஜாமீன்தாரரைத் திவால் ஆக்க வழக்குப் போட முடியாது. திவால் வழக்குக்கே கடன் குறைந்தது ஒரு லட்சம் வெள்ளி இருக்க வேண்டும். ஆனால் இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள்: திவால் வராதே தவிர, பாக்கிக்கு அவர் மேல் வழக்குப் போடலாம். காரை வங்கி எடுத்து ஏலம் விட்டபின் மிஞ்சிய தொகைக்கு மாமா பொறுப்புத்தான். அதனால் ஏஜென்ட்டைத் தவிர்த்து நேரே வங்கிக்கே அவரைக் கூட்டிப்போனேன். கணக்கு விவரத்தை எழுத்தில் வாங்கி, அவரால் முடிந்த மாதத் தவணைக்கு ஒத்துக்கொள்ளச் செய்தோம். பணம் வங்கிக் கணக்குக்கு மட்டும், யார் கையிலும் ரொக்கமாகக் கிடையாது.

தம்பி ஒருவழியாக என் போனை எடுத்தான். அழுதான். திட்டாமல் ஏகேபிகேக்குப் போகச் சொன்னேன். 2006இல் பேங்க் நெகாரா தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு அது, சேவைக்குக் கட்டணம் இல்லை. வங்கிக் கடன்களை எல்லாம் சேர்த்து, வருமானத்துக்கு ஏற்றபடி ஒரே தவணைத் திட்டமாக மாற்றிப் பேசிக் கொடுப்பார்கள். அவனுக்குப் பதிலாக நான் போகிறேன் என்று அம்மா கேட்டுப் பார்த்தார். கடன் அவனுடையது, வருமானக் காகிதத்தோடு அவனே உட்கார வேண்டும். உட்கார்ந்தான். ஆலோங் கடன் அந்தத் திட்டத்துக்குள் வராது. அதற்கு அவனே தனியாக ஒரு போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தான். தேசியப் பதிவிலாகாவில் ஐசி முகவரியையும் மாற்றிக்கொண்டான்.

கொஞ்ச காலமாக அம்மா வீட்டுக்கு யாரும் வருவதில்லை. மாமாவின் தவணையில் பாதியைத் தம்பி ஒவ்வொரு மாதமும் அனுப்புகிறான், மீதியை மாமா கட்டுகிறார். வங்கி கடன் முடிந்ததாகக் கடிதம் கொடுக்கும் வரை ரசீதுகளும் ரிப்போர்ட் நகல்களும் 555 புத்தகமும் என் வீட்டு அலமாரியில் இருக்கும், இன்னொரு செட் நகல் மாமாவிடம் இருக்கிறது.